கைண்ட்லி ரிவர்ட்

மூன்று நாள் உட்கார்ந்து திருத்திய அறிக்கை அது. நாற்பது பக்கம். கடைசிப் புள்ளியையும் வைத்துவிட்டு, வேறொரு நாட்டிலிருந்து எங்களோடு வேலை செய்யும் ஒருவருக்கு மெயில் தட்டினேன்: "ஐ ஹேவ் கரெக்டட் த ரிப்போர்ட். கைண்ட்லி ரிவர்ட் அட் த எர்லியஸ்ட்." பார்த்துவிட்டுச் சீக்கிரம் பதில் போடுங்கள் என்று அர்த்தம். அதாவது, எனக்கு.

பத்தே நிமிடத்தில் "டன், ரிவர்டட்" என்று வந்தது. என்ன சுறுசுறுப்பான மனிதர் என்று நினைத்துக்கொண்டே கோப்பைத் திறந்தால், என் திருத்தம் ஒன்றுகூட இல்லை. மூன்று நாளைக்கு முன்னால் பிழைகள் எங்கெங்கே இருந்தனவோ அங்கங்கே சௌக்கியமாக உட்கார்ந்திருந்தன. அவர் பேசும் ஆங்கிலத்தில் 'ரிவர்ட்' என்றால் பழைய நிலைக்கே திருப்பிவிடுவது. கேட்டதைச் செய்துவிட்டார், அவ்வளவுதான். 'கைண்ட்லி' என்று வேறு கேட்டிருந்தேனே, தட்ட மனம் வந்திருக்காது.

கோப்பின் முந்தைய பதிப்புகளைத் திறக்கும் அனுமதி அவரிடம்தான் இருந்தது. ஆகவே இன்னொரு மெயில் எழுதியே ஆக வேண்டும். கோபத்தில் விரல் தானாக ஓடியது: "யூ ஹேவ் டிலீட்டட் ஆல் மை வொர்க். ப்ளீஸ் ரீஸ்டோர் இட் டுடே இட்செல்ஃப் அண்ட் டூ த நீட்ஃபுல்." மேலாளரையும் சிசியில் போட்டேன். (சிசி என்பது கார்பன் காப்பி. கார்பன் தாளைக் கண்ணால் பார்க்காதவர்களும் கோள்மூட்ட இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.)

அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் போன விரல் நின்றது. போன மாதம் இதே ஆளிடம் "ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் கால்குலேஷன்" என்று எழுதியது நினைவுக்கு வந்தது. சந்தேகம் கேட்டேன். ஆனால் 'டவுட்' என்றதும், கணக்கையே நான் நம்பவில்லை என்று எடுத்துக்கொண்டு, மூன்று கோப்புகளில் ஆதாரம் அனுப்பிவைத்தார் மனிதர். நான் கேட்க நினைத்ததோ, நாலாவது பத்தியில் இருப்பது கூட்டலா பெருக்கலா என்பதை.

அக்காவுக்கு போன் போட்டேன். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருவது அவள் தொழில். எழுதியதை வாசித்துக் காட்டினேன்.

"ஏன்டா, ஆளை அரெஸ்ட் பண்ணப் போறியா?"

"ப்ளீஸ் போட்டிருக்கேனே!"

"கட்டளைக்கு முன்னாடி ப்ளீஸ் போட்டா அது ப்ளீஸ் போட்ட கட்டளை. நம்ம மொழியில 'அனுப்பு'ன்னு சொல்லிட்டு வால்ல ஒரு 'ங்க' ஒட்டினா மரியாதை வந்துடும். அவங்களுக்கு அந்த வால் கிடையாது."

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நீ, நீங்கள் இரண்டும் இருந்தனவாம். 'தௌ' என்பது நீ, 'யூ' என்பது நீங்கள். 'தௌ' மெல்ல வழக்கொழிந்து 'யூ' மட்டும் நின்றுவிட்டது. அந்தக் கணக்கில் அவர்கள் வீட்டு நாயைக்கூட நீங்கள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எல்லாருக்கும் அதே சொல் என்றானபின் அதில் என்ன மரியாதை மிஞ்சும்? அதனால்தான் வாக்கியத்தையே இரண்டடி பின்னால் நகர்த்தி வைக்கிறார்கள்: 'கேன் யூ' என்பதை 'குட் யூ' என்று (நல்ல 'குட்' இல்லை, 'கேன்' என்பதன் இறந்தகாலம்), 'ஐ வான்ட்' என்பதை 'ஐ வாஸ் வொண்டரிங்' என்று. நேற்று யோசித்ததைப் போலச் சொன்னால் இன்றைக்கு நெருக்குவது போல் தெரியாதாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நன்றாக இருந்ததால் அளவு மீறிவிட்டேன். அடுத்த வரைவு "மோஸ்ட் ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்கி, அவர் உடல்நலம் விசாரித்து, ஒத்துழைப்புக்கு நன்றி சொல்லி, என் மூன்று நாள் உழைப்பை விவரித்து, அடுத்த வாரக் கூட்டத்தைத் தொட்டு, தொந்தரவுக்கு இரண்டு முறை மன்னிப்புக் கேட்டு, பதினோராவது வரியில் விஷயத்துக்கு வந்தது. எல்லாம் ஒரே பத்தி. அக்கா படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இது மெயிலா, கருணை மனுவா? உனக்கு என்ன வேணும், ஒரே வரியில சொல்லு."

"செவ்வாய்க்கிழமை நான் திருத்தி முடிச்ச பதிப்பு வேணும்."

"அதை முதல்ல எழுது. அதோட அந்தப் பத்தி முடிஞ்சது. ஏன் வேணும்கிறது அடுத்த பத்தி. கூட்டத்தைப் பத்தி இன்னொரு நாள் எழுதிக்கோ, அது ஓடிப் போயிடாது."

தலைப்பில் நான் போட்டிருந்த 'அர்ஜென்ட்!!!' போய், 'ரிப்போர்ட்: செவ்வாய்க்கிழமை பதிப்பு தேவை' என்ற பொருளில் ஒன்று வந்தது. மூன்று ஆச்சரியக்குறிகளில் ஒன்றையாவது விடச் சொல்லிக் கெஞ்சினேன், நடக்கவில்லை. 'டூ த நீட்ஃபுல்' அவுட். ஆங்கிலேயர்களே எழுதிக்கொண்டிருந்த தொடர்தானே என்றேன். "அவங்க எப்பவோ விட்டுட்டாங்க, நாமதான் பத்திரமா வச்சிருக்கோம்," என்றாள். மேலாளரும் சிசியிலிருந்து இறங்கினார். 'ரிவர்ட்' என்று நான் எழுதியது பதிலைத்தான், குழப்பம் என்னால்தான் என்று ஒரு வரி சேர்த்தோம். அந்த வரி எழுதத்தான் கை வரவில்லை.

மொத்தம் நாலு வரி. எழுத ஒன்றரை மணி நேரம். 1971-இல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணினியிலிருந்து பக்கத்துக் கணினிக்கு முதன்முதலாக மின்னஞ்சல் அனுப்பிச் சோதித்தபோது என்ன எழுதினார் என்பது பின்னாளில் அவருக்கே நினைவில்லை. விசைப்பலகையின் மேல் வரிசை எழுத்துகளைத் தட்டியிருக்கலாம் என்றார். கொடுத்துவைத்தவர்.

பதில் அன்று மாலையே வந்தது. சிரிப்பு முகம் ஒன்று, "நோ ப்ராப்ளம், ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட்" என்று ஒரு வரி. கீழே பார்த்தேன். மேலே பார்த்தேன். அட்டாச் ஆகி எதுவும் இல்லை.

மறுபடி அக்கா.

"'யூ ஃபர்காட்'னு மட்டும் எழுதிடாதே. வீட்டுல தம்ளர் உடைஞ்சா நீ என்ன சொல்லுவ?"

"உடைஞ்சு போச்சுன்னு."

"நான் உடைச்சேன்னு என்னைக்காவது சொல்லியிருக்கியா? தம்ளர் தானா உடையுது இல்ல, அதே மாதிரி அட்டாச்மென்ட் தானா வராம போயிடுச்சு. 'டஸ்ன்ட் சீம் டு ஹேவ் கம் த்ரூ'ன்னு எழுது."

ஆள் யாருமே இல்லாத அந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இத்தனை வருடம் கற்ற ஆங்கிலத்தில் அதுதான் நம் வீட்டுப் பேச்சு மாதிரி இருந்தது. எழுதி அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் மன்னிப்போடு கோப்பும் வந்து சேர்ந்தது.

திறந்தேன். முதல் பக்கத்திலேயே பழைய பிழைகள் பல்லிளித்தன. பழைய பதிப்பையே அனுப்பியிருக்கிறார்.

அக்காவுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை.