ஒல்லி உடம்பில் தசை வந்த கதை: கராத்தே, ஜூடோ, பிறகு பளு

கராத்தே வகுப்பில் சேர்ந்தபோது என் உயரம் 172 சென்டிமீட்டர், எடை 51 கிலோ. உடல் நிறை குறியீட்டெண் 17.2. அது 18.5-க்குக் கீழே இருந்தாலே எடைக்குறைவு என்பது மருத்துவக் கணக்கு. உடம்பு தேற வேண்டும் என்ற ஆசை சிறு வயதிலிருந்தே உண்டு. ஜிம்முக்குள் நுழையக் கூச்சமாக இருந்தது. கராத்தே கற்றுக்கொண்டால் தைரியமும் வரும், உடம்பும் வரும் என்று பலரும் சொன்னார்கள். சொன்னதில் பாதி பலித்தது. மீதிப் பாதிக்கு நான் வேறொரு வழியைத் தேடிப் போக வேண்டியிருந்தது. ஒல்லியாக இருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் என்பதால் நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

சேர்வதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போனேன். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், சர்க்கரை நோய் இருந்தாலும், குடல் உணவைச் சரியாக உறிஞ்சாவிட்டாலும் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு ஒட்டாது. எனக்கு அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு நிம்மதியாக வகுப்புக்குப் போக முடிந்தது. காரணமில்லாமல் எடை இறங்கிக்கொண்டே போகிறவர்கள் எந்தப் பயிற்சியையும் தொடங்கும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

கராத்தே வகுப்பு ஒன்றரை மணி நேரம். ஓட்டம், குதித்தல், தண்டால், அடிப்படைக் குத்துகள், உதைகள், கட்டா (எதிராளி இல்லாமல் வரிசையாகச் செய்யும் அசைவுத் தொகுப்பு), கடைசியில் ஜோடியாகச் சண்டைப் பயிற்சி. ஆரம்பத்தில் பத்துத் தண்டாலுக்கே கை நடுங்கியது. சில வாரங்களில் முப்பது எடுத்தேன். தசை வந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். வீட்டில் டேப்பை எடுத்துப் புஜத்தை அளந்தால் பழைய அளவே இருந்தது. தொடக்க வாரங்களில் கூடுகிற பலத்தில் பெரும்பங்கு நரம்பு மண்டலம் செய்யும் வேலை. ஏற்கெனவே இருக்கிற தசை நார்களை அதிகமாகவும் ஒழுங்காகவும் ஏவ மூளை கற்றுக்கொள்கிறது. தசையின் பருமன் அதற்குப் பிறகுதான் மெல்லக் கூடும்.

அந்த ‘பிறகு’ எனக்கு வரவே இல்லை. மாதங்கள் போயின. மூச்சு இரைப்பது குறைந்தது, கூன் நிமிர்ந்தது, இடுப்பு இளகியது, நடையே மாறியது. எடை மட்டும் 50-க்கும் 51-க்கும் நடுவிலேயே நின்றது.

ஏன் என்று யோசித்துப் பார்க்க ஒரு முன் உதையை எடுத்துக்கொள்வோம். முழங்காலை மடக்கி மார்புக்குத் தூக்கி, இடுப்பை முன்னே தள்ளி, காலை விசிறி நீட்டி, தொட்ட உடனே இழுத்துக்கொள்ள வேண்டும். கண் இமைக்கும் நேரத்து வேலை. அதில் தசை சுமக்கும் பாரம் சொந்தக் காலின் எடை மட்டுமே. தசை வளர வேண்டுமானால் அதன் நார்கள் கடுமையான இழுவிசையைத் தாங்க வேண்டும். அந்தப் பாரத்துக்கு உடம்பு பழகப் பழகப் பாரமும் ஏறிக்கொண்டே போக வேண்டும். உதையின் வேகம் ஏறுகிறது, குறி துல்லியமாகிறது, பாரம் ஏறுவதில்லை. குதிரை நிலையில், அதாவது காலை அகட்டி முழங்காலை மடக்கி, நெடுநேரம் நிற்கும்போது தொடை எரியும். என் தொடை தொடக்கத்தில் கொஞ்சம் திரண்டது அதனால்தான். நிற்கப் பழகியதும் அதுவும் நின்றுபோனது.

இன்னொரு காரணம் கலோரி. இடைவிடாத கராத்தே, ஜூடோ, குத்துச்சண்டை வகைப் பயிற்சி ஓய்வாக உட்கார்ந்திருப்பதைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு சக்தியைச் செலவழிக்கும். 51 கிலோ உடம்புக்கு அது மணிக்குச் சுமார் 500 கலோரி. நடுவில் நின்று பார்க்கும் நேரம், விளக்கம் கேட்கும் நேரத்தைக் கழித்தால் வகுப்புக்கு 400 முதல் 500 என்று வைத்துக்கொள்ளலாம். வாரம் மூன்று வகுப்பு என்றால் ஆயிரத்து ஐந்நூறை ஒட்டி வருகிறது. கொழுத்த உடம்புக்கு இது வரப்பிரசாதம். ஒல்லி உடம்புக்கோ, புதிய தசை கட்டுவதற்கு மிச்சப்பட வேண்டிய சக்தி வியர்வையாகப் போய்விடுகிறது.

அதே கூடத்தில் ஜூடோ வகுப்பும் நடந்தது. ஒரு நாள் வேடிக்கை பார்க்கப் போய் அங்கேயும் சேர்ந்துவிட்டேன். ஜூடோ உடம்பை வேறு மாதிரி வேலை வாங்கியது. இங்கே பாரம் என்பது எதிரே நிற்கும் மனிதர். அவர் திமிறுகிறார், தள்ளுகிறார், மேலே சாய்கிறார். தடித்த பருத்திச் சட்டையின் கையையும் முன்விளிம்பையும் விடாமல் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு சுற்றையும் முடிக்க வேண்டும். முதல் மாதங்களில் வகுப்பு முடிந்ததும் விரல்கள் பாதி மடங்கிய நிலையிலேயே நிற்கும். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பேன். கராத்தேயில் அசையாத டேப் இங்கே அசைந்தது. முன்கை தடித்தது. முதுகின் மேல்பகுதியில் மேடு தெரிந்தது. தரைப் பிடியில் இருந்து கழுத்தைக் காத்துக் காத்துக் கழுத்தும் கொஞ்சம் பருத்தது. ஆகவே தற்காப்புக் கலைகளுக்குள் வித்தியாசம் உண்டு என்பது என் அனுபவம். மல்யுத்தம், ஜூடோ போன்ற பிடிச்சண்டைகள் குத்துச்சண்டை, உதைச்சண்டை வகைகளைவிடத் தசைக்கு அதிக வேலை தருகின்றன.

ஆனால் அங்கேயும் ஒரு கட்டத்தில் வளர்ச்சி நின்றது. காரணம் புரிந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. 80 கிலோ எடையுள்ள ஒருவரைத் தோள் வழியாக எறிய முயன்று, முழு பலத்தையும் போட்டு இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் அசையவில்லை. மாஸ்டர் அருகில் வந்து, “தம்பி, இழுக்காதே. அவர் வலது காலை எடுத்து வைக்கும்போது உள்ளே போ” என்றார். காத்திருந்தேன். அவர் கால் தரையைத் தொடும் நொடியில் திரும்பி நுழைந்தேன். என் முதுகின் மேல் அவர் உருண்டு போனதை நான் உணர்ந்ததாகவே சொல்ல முடியாது, எடையே இல்லை. ‘டம்’ என்ற சத்தத்தைக் கேட்டுத்தான் கீழே பார்த்தேன்.

அன்று எனக்கு உடம்பில் எங்கேயும் வலியில்லை. யோசிக்க யோசிக்க விஷயம் விளங்கியது. இந்தக் கலையில் தேர்ச்சி என்பதே குறைந்த பலத்தில் காரியத்தை முடிப்பது. 1882-இல் ஜூடோவுக்குப் பள்ளி தொடங்கிய ஜிகோரோ கானோ குள்ளமான, மெலிந்த உடல்வாகு கொண்டவர். தன்னை அடித்துத் துன்புறுத்திய வலுத்த பையன்களைச் சமாளிக்கத்தான் ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையைக் கற்கத் தொடங்கினார். பலத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பதை அவர் கலையின் அடிப்படைக் கொள்கையாகவே வைத்தார். தசை வளர்ப்பதோ இதற்கு நேர் எதிர்த் திசை. அங்கே வேலை எளிதாகிவிடக் கூடாது. எளிதாகும் ஒவ்வொரு முறையும் அதை வேண்டுமென்றே கடினமாக்க வேண்டும். ஒருவர் ஜூடோவில் தேறத் தேற அவருடைய தசைக்குக் கிடைக்கும் தூண்டுதல் குறைந்துகொண்டுதான் போகும். கலையின் மேல் இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒல்லியான ஒருவர் பெரிய உடம்புக்காரரை எறிய முடிகிறதே, அதைவிட வேறென்ன வேண்டும்? தசையும் வேண்டும் என்றால் அதற்கென்று தனியாக உழைக்க வேண்டும், அவ்வளவே.

பழைய ஆசான்களுக்கு இது தெரிந்திருக்கிறது. கராத்தே பிறந்த ஜப்பானியத் தீவான ஒக்கினாவாவில் கட்டாவோடு கூடவே, நீண்ட கைப்பிடியில் செருகிய கல் எடையைச் சுழற்றுவது, கனமான ஜாடிகளின் கழுத்தை விரல் நுனிகளால் பற்றிக்கொண்டு நடப்பது என்று துணைப் பயிற்சிகளை வைத்திருந்தார்கள். இன்று பல வகுப்புகளில் அவை இல்லை. அவற்றின் இடத்தில் நான் பார்பெல்லை, இரு முனையிலும் எடை வட்டு மாட்டும் கம்பியை, வைத்துக்கொண்டேன்.

கராத்தேயை வாரம் ஒன்றாகக் குறைத்தேன். ஜூடோ இரண்டு, பளு இரண்டு. இப்படிக் குறைத்ததற்குக் காரணம் உண்டு. ஓட்டம் போன்ற நீண்ட நேரத் தாங்குதிறன் பயிற்சியையும் பளுவையும் சேர்த்துச் செய்தால் என்ன ஆகும் என்று பத்து வாரம் சோதித்துப் பார்த்து 1980-இல் வெளியிட்டார் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களின் பலம் ஏழு வாரம் போல ஏறிவிட்டுத் தேங்கியது, பிறகு இறங்கியது. அவர் கொடுத்த பயிற்சி மிகக் கடுமையானது, ஏறக்குறைய தினசரி. அளவோடு செய்தால் இடையூறு அந்த அளவுக்கு இல்லை. அளவு மீறக் கூடாது என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். கால்களுக்குக் கனமான பளு எடுத்த மறுநாள் சண்டைப் பயிற்சியை வைத்துக்கொள்வதில்லை. சோர்ந்த காலோடு நிற்கும் என்னை ஒருவர் எறியும்போது என் முழங்கால் கோணலாக மாட்டினால், மாதக்கணக்கில் எதுவுமே செய்ய முடியாமல் போகும்.

பளு நாளில் ஸ்குவாட் (பளுவைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பளுவைத் தூக்கி நிமிர்வது), பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி பளுவை மேலே தள்ளுவது), தலைக்கு மேல் தூக்குதல், புல்-அப் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது). இவ்வளவுதான். ஒவ்வொன்றும் மூன்று நான்கு செட் (சுற்று), செட்டுக்கு 6 முதல் 12 முறை, இன்னும் ஒன்றிரண்டு முறைதான் முடியும் என்ற இடத்தில் நிறுத்துவேன். ஸ்குவாட்டை 20 கிலோ வெறும் கம்பியில் தொடங்கினேன். நோட்டில் எழுதி வைத்து, பன்னிரண்டையும் சுத்தமாக எடுத்துவிட்டால் அடுத்த தடவை பக்கத்துக்கு 1.25 கிலோ வட்டு ஒன்றைச் சேர்ப்பேன். அந்தச் சின்ன வட்டுதான் என் உடம்பை மாற்றியது என்று சொல்வேன். உதையிலும் குத்திலும் சேர்க்க முடியாதது அதுதான்.

சாப்பாடு இதைவிடக் கஷ்டமாக இருந்தது. நாள்தோறும் செலவைவிட 300 முதல் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட வேண்டும். செலவு என்று கணக்குப் போடும்போது வகுப்பில் எரியும் கலோரியையும் சேர்த்தாக வேண்டும். பலருக்கும் கணக்கு உதைப்பது இங்கேதான். புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் போதும். 51 கிலோவுக்கு அது 82 கிராம் அளவில் வரும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு குவளைப் பாலில் 8 கிராம் என்று பார்த்தால் எட்ட முடியாத அளவில்லை. பருப்பு, மீன், இறைச்சி, கொட்டை வகைகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கடும் பயிற்சி முடிந்த கையோடு பசி மந்தமாகிவிடும் என்பதால், அந்த நேரத்துக்குத் திட உணவை வைத்துக்கொள்ளாமல் பாலும் பழமும் கடலை வெண்ணெயும் சேர்த்து அடித்துக் குடித்துவிடுவேன். உண்மையான பசி இரண்டு மணி நேரம் கழித்து வரும், அப்போது சாப்பாடு. பின்னாளில் கிரியேட்டின் என்ற துணைச்சத்துப் பொடியைத் தினமும் 5 கிராம் எடுத்துக்கொண்டேன். அதில் முதல் வாரம் ஏறும் எடை பெரும்பாலும் தசைக்குள் சேரும் நீர். அதைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. தூக்கத்தை எட்டு மணி நேரத்துக்குக் குறைய விடவில்லை.

மாதத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோ. அதற்கு மேல் வேகமாக ஏறிய மாதங்களில் வயிற்றில்தான் சேர்ந்தது. இரண்டு ஆண்டு போல விடாமல் செய்ததில் இன்று 63 கிலோ. உடம்பு பருத்தால் வேகம் போய்விடும் என்று கராத்தே நண்பர்கள் பயமுறுத்தினார்கள். போகவில்லை, உதையின் கனம் கூடியது. ஜூடோவில் மேலே விழுந்து அமுக்குகிறவரை இடுப்பைத் தூக்கிப் புரட்டிவிட முடிகிறது. முன்பெல்லாம் நேரம் முடியும் வரை அடியிலேயே கிடப்பேன்.

கராத்தேயும் ஜூடோவும் இல்லாமல் நேராகப் பளுவுக்குப் போயிருந்தால் தசை இன்னும் சீக்கிரம் வந்திருக்குமா என்று ஒரு நண்பர் கேட்டார். வந்திருக்கும். ஆனால் நான் நீடித்திருப்பேனா என்பது சந்தேகம். வெறும் கண்ணாடிக்காகப் பளு தூக்கிய சிலர் மூன்றாம் மாதம் நின்றுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். என்னை இழுத்தது ஜூடோ விரிப்பு. போன வாரம் என்னைச் சாய்த்தவரை இந்த வாரம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்ற எண்ணம்தான் காலையில் எழுப்பி டெட்லிஃப்டுக்கு அனுப்பியது. விழக் கற்றுக்கொண்டது, மூச்சு, நிமிர்ந்த முதுகு, முன்பின் தெரியாதவர் முன்னால் கூசாமல் நிற்பது, இவற்றையெல்லாம் எந்தப் பார்பெல்லும் எனக்குத் தந்திருக்காது.

ஒலிம்பிக் ஜூடோவில் ஆண்களுக்கான ஆகக் குறைந்த எடைப்பிரிவு 60 கிலோ, அடுத்தது 66. 51 கிலோவில் நான் போட்டிக்குப் போனபோது, 64 கிலோ இருந்து தண்ணீரையும் சாப்பாட்டையும் குறைத்து 60-க்கு இறங்கி வந்தவர்களோடு மோதினேன். அடுத்த போட்டிக்கு அதே மாதிரி 60-க்கு இறங்கலாம் என்று மாஸ்டர் யோசனை சொன்னார். இத்தனை பாடுபட்டு ஏற்றியதைக் குறைக்க மனமில்லை என்று அவரிடம் சொன்னேன். ஒத்துக்கொண்டார். 66-இல் பெயர் கொடுத்திருக்கிறேன். அந்த எல்லைக்கு இன்னும் மூன்று கிலோ இருக்கிறது.