கட்டுரைக்கு எதை எழுதுவது? – டர்பன் பயிற்சி நாட்குறிப்பு

ஜூலை 5, 2025, சனி

தென்னாப்பிரிக்காவில் குளிர்கால விடுமுறை. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும், டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வர்த் பகுதிப் பிள்ளைகள் சொந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டிய நேரம். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பின் கட்டுரை 250 சொல்லுக்குக் குறையக் கூடாது, 650-ஐத் தாண்டக் கூடாது. மனதைத் தொட்டதை எழுது என்றால் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது கப்பல், காவடி, தாத்தாவின் சாவு. 1860 நவம்பர் 16 அன்று முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது பெரிய செய்திதான். ஆனால் அதைச் சொல்லவே பாதிக் கட்டுரை போய்விடும். எழுதும் பிள்ளையைக் காணோமே என்று படிப்பவர் தேடுவார்.

தலைப்பைத் தேடச் சொல்லாதீர்கள். பத்து நிமிடம் கொடுத்து, "ஏன் என்று இன்னும் தெரியவில்லை" என முடியும் வரிகளைக் கையால் எழுதச் சொல்லுங்கள். இருபது வரி வேண்டும். முதல் ஏழெட்டு வரி ஊருக்குச் சொல்லத் தயாராக வைத்திருப்பவை. அதன் பிறகுதான் கை தயங்கும். தயங்கிய வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும், அடிக்க வேண்டாம்.

ஜூலை 8, செவ்வாய்

புள்ளி விழும் வரிகள் பெரும்பாலும் சின்ன விஷயங்கள். ஆயா (பாட்டி) தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறேன். தேவாரத்தை ஆங்கில எழுத்தில் பார்த்துப் பாடுகிறேன், பொருள் கேட்டால் கோபம் வருகிறது. பள்ளித் தோழிகள் வந்தால் சாமி அறைக் கதவைச் சாத்துகிறேன்.

இவை சாவைவிட நன்றாக எழுத வருவதற்குக் காரணம் உண்டு. இவற்றில் எழுதுபவர் ஏதோ செய்கிறார்: சாத்துகிறார், கோபப்படுகிறார், மறைக்கிறார். சாவில் எல்லாம் அவருக்கு நேர்கிறது, அழுவதைத் தவிர வேலையில்லை. வரைவில் வினைச்சொற்களை அடிக்கோடிட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் "நான்" செய்தவையாக இல்லையென்றால் அது வேறொருவர் கதை. தாத்தாவின் சாவையே எழுத வேண்டுமானால், அன்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டில் இருந்ததை எழுதலாம்.

ஜூலை 12, சனி

இன்று கடினமான பகுதி. யாருடைய ரகசியம் இது?

இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குரூப் ஏரியாஸ் சட்டத்தால், டர்பனின் கேட்டோ மேனர், மேகசின் பேரக்ஸ் பகுதிகளின் இந்தியக் குடும்பங்கள் சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்க்கப்பட்டன. அந்தக் காயம் ஆயாவுடையது. அந்தப் பக்கம் கார் போகும்போது ஆயா பேச்சை நிறுத்திவிடுவதும், பேரப்பிள்ளை கேட்கத் துணியாததும் பேரப்பிள்ளையுடையவை. அதை எழுதலாம்.

அப்பாவின் குடி, அக்காவின் மணமுறிவு என்றால் பெயரை மாற்றிப் பயனில்லை. தெருவில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அனுப்புமுன் அவருக்கே வாசித்துக்காட்ட முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் தன் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிட வேண்டும்.

ஆறாத புண்ணுக்கும் ஒரு சோதனை உண்டு. சத்தமாகப் படிக்கட்டும், ஒரு வாரம் கழித்து மறுபடியும் படிக்கட்டும். இரண்டு முறையும் அதே இடத்தில் குரல் உடைந்தால் அது இப்போதைக்கு நோட்டிலேயே இருக்கட்டும், நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் பேசட்டும். ஆசிரியர் வற்புறுத்தவே கூடாது. எந்தக் கல்லூரி இடமும் ஒரு பிள்ளையின் தூக்கத்தைவிடப் பெரிதல்ல.

ஜூலை 19, சனி

தேர்ந்த வரியை 150 சொல்லில் காட்சியாக எழுதிப் பார்க்க வேண்டும். ஒரே இடம், ஒரே மணிநேரம். வலி, சோகம், பெருமை என்ற சொற்களுக்குத் தடை. காட்சி நிற்கவில்லை என்றால் தலைப்பை மாற்றுங்கள், நடையை மெருகேற்றிப் பயனில்லை.

காவடி இங்கேதான் கவிழ்கிறது. வேல், எலுமிச்சை, கற்பூரம், மேளம் என்று அடுக்கினால் வெளியூர்க்காரர் குத்திய வேலையே பார்த்துக்கொண்டிருப்பார். வேல் குத்தியவர் பக்கத்தில் பால்குடம் ஏந்தி நடந்தவள், வகுப்புத் தோழியைக் கூட்டத்தில் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாளே, கட்டுரை அங்கே இருக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி

நேற்று விண்ணப்பம் திறந்துவிட்டது. 650 சொல்லை இப்படிப் பிரிக்கலாம்: காட்சிக்கு 200, பின்னணிக்கு 80, "ஏன்" என்ற கேள்வியைப் புரட்டிப் பார்க்க 250, மிச்சம் இன்றைய நிலைக்கு. பின்னணி 80-ஐத் தாண்டினால் முதலில் வெட்டு விழ வேண்டியது அங்கேதான். "இதிலிருந்து நான் கற்றது" என்று தொடங்கும் பத்தியையும் தயங்காமல் எடுத்துவிடுங்கள். கடைசியாக, டர்பனைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, இன்னும் கேட்கத் தோன்றிய இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். வெட்டி மிச்சப்படுத்திய சொற்கள் அந்த இடத்துக்குப் போகட்டும்.