பாதி விமானத்துக்காரனின் நாட்குறிப்பு

ஜனவரி 7, ஞாயிறு

ஐந்து வாரம் கழித்து, எங்கள் விமானம் நிற்கும் ஹேங்கர் கொட்டகையின் கதவைத் தள்ளினேன். முதலில் பார்த்தது இருக்கையைத்தான். நான் விட்டுப்போன இடத்திலேயே, அது நகரும் தண்டவாளத்தின் முன்பக்கம் ஒட்டி நின்றிருந்தது. என் பங்காளி என்னைவிட அரையடி உயரம். அவர் ஏறினால் இருக்கை பின்னால் போய்விடும். ஆக, இந்த ஐந்து வாரமும் அவரும் பறக்கவில்லை.

பங்காளி என்ற சொல் தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டது. 1979-இல் செய்த ஒரு செஸ்னா 152, ஆளுக்குப் பாதி. இரண்டே இருக்கை, 110 குதிரைத்திறன். சொத்தில் பாதி என்றால் சண்டையிலும் பாதிதானே.

மேகம் 900 அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணால் பார்த்துப் பறக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அது வாசற்கதவைச் சாத்தியதற்குச் சமம். சரி, வந்ததற்கு ஏதாவது செய்வோம் என்று எரிபொருளை வடித்துப் பார்த்தேன். எங்கள் விமானப் பெட்ரோலான ஏவ்கேஸ் இளநீலமாக இருக்கும். தண்ணீர் அதைவிடக் கனம், அடியில் தங்கும். இடது இறக்கையிலிருந்து பிடித்த முதல் குவளையின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். தொட்டியைப் பாதி காலியாக விட்டுப்போனதன் பலன்: உள்ளே இருக்கும் காற்று இரவுக் குளிரில் வியர்த்துவிடுகிறது. மூன்றாவது குவளைதான் சுத்த நீலமாக வந்தது. இதில் ஒரு ஏமாற்று உண்டு. குவளை முழுக்கத் தண்ணீராகவே வந்தால் நடுவில் கோடு தெரியாது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே என்று நிம்மதியாகிவிடுவோம். அதனால் நிறத்தைப் பார்த்தபின் நான் முகர்ந்தும் பார்க்கிறேன்.

வேகத்தை அளக்க எதிர்க்காற்றை வாங்கும் பீட்டோ குழாய்க்கு உறை மாட்டாமல் போயிருந்தோம். குளவி மண் வைத்துக் கட்ட ஆரம்பித்திருந்தது. அந்தச் சின்ன ஓட்டை அடைபட்டால் வேகமானி பொய் சொல்லும், அல்லது ஒன்றும் சொல்லாது. நல்லவேளை, மண் வாயிலேயே இருந்தது.

மாலையில் பங்காளிக்கு போன் செய்தேன். "அதுக்கென்னப்பா, நான் வந்து பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டுட்டுப் போறேன்" என்றார். வேண்டவே வேண்டாம் அண்ணே என்றேன். எங்கள் லைகோமிங் எஞ்சினில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தண்டு மேலே இருக்கிறது. நிறுத்தி வைத்தால் எண்ணெய் மெதுவாக வழிந்து கீழே போய், அந்த இரும்பு வெறுமனே நிற்கும். தரையில் பத்து நிமிடம் ஓட்டினால் எரிதலில் பிறக்கும் நீராவி எண்ணெய்க்குள் சேரும், ஆனால் அதை ஆவியாக்கி விரட்டும் சூடு வராது. துருவுக்கு விருந்து வைத்தது போலத்தான். எண்ணெய் 75 டிகிரிக்கு மேல் போய் அரை மணி நேரமாவது அங்கேயே நிற்க வேண்டும். அதற்குப் பறந்தே ஆக வேண்டும்.

"பறக்கலாம், பறக்கலாம்" என்றார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 20, சனி

இன்று என்னை நானே திட்டிக்கொள்ள வேண்டிய நாள்.

காலை, மழை ஓய்ந்த மறுநாள். வெளிவெப்பம் 16 டிகிரி, காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலை 13. இந்த இரண்டு எண்களையும் கிளம்பும் முன் நானே தாளில் எழுதினேன். இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருந்தால் காற்று ஈரத்தில் ஊறியிருக்கிறது என்று பொருள். எழுதிவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

3,000 அடியில் எஞ்சினை 2,400 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு அத்தனை சுற்றில், வைத்துச் சும்மா ஆற்றோரமாகப் போய்க்கொண்டிருந்தேன். சிறிது நேரத்தில் ஊசி 2,350-இல். எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் தளர்ந்து பின்னால் வந்துவிட்டது போலும் என்று லேசாகத் தள்ளி 2,400-க்குக் கொண்டுவந்தேன். கீழே ஒரு பாலம், அழகாக இருந்தது. மறுபடி 2,340. மறுபடி தள்ளினேன்! கை செய்ததே தவிர மூளை வேலை செய்யவில்லை. மூன்றாவது முறை ஊசி இறங்கியபோதுதான் முதுகில் சில்லென்றது.

காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் குறுகிய கழுத்து வழியே காற்று போகும்போது அழுத்தம் குறைகிறது, அங்கேயே பெட்ரோலும் ஆவியாகிறது. இரண்டும் சேர்ந்து சூட்டை உறிஞ்சுவதில் உள்ளே 20 டிகிரிக்கு மேல்கூட இறங்கிவிடும். வெளியே சட்டை போதுமான வானிலை, உள்ளே பனிக்கட்டி.

கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட் குமிழை இழுத்தேன். உடனே ஆர்பிஎம் இன்னும் விழுந்தது, எஞ்சின் குலுங்கியது. உருகிய பனி தண்ணீராக உள்ளே போகிறது. இந்தச் சில நொடிகளில்தான் பலர் பயந்து குமிழைத் திரும்பத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளக் கூடாது என்று பயிற்சியில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். இருந்தும் கை அரித்தது. பதினைந்து நொடி இருக்கும், பிறகு சத்தம் தெளிந்தது, ஊசி ஏறியது. சுத்தமானபின் குமிழை மூடினேன். ஊசி 2,500-ஐத் தொட்டது. அதாவது நான் தள்ளித் தள்ளி வைத்திருந்த திராட்டில் அவ்வளவு. அவ்வளவையும் பனி தின்றுகொண்டிருந்திருக்கிறது.

பங்காளியிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

பிப்ரவரி 3, சனி

வருடாந்தரச் சோதனை. விமானத்தை உரித்துப் போட்டிருந்தார்கள். எஞ்சின் மூடி ஒரு மூலையில், இருக்கைகள் ஒரு மூலையில். ஆஸ்பத்திரியில் நம் வீட்டு ஆளைப் பார்ப்பது போல இருந்தது.

மெக்கானிக் வயதானவர், குறைவாகப் பேசுவார். எண்ணெய் வடிகட்டியை அறுத்து, அதன் மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உலோகத் துகள் இல்லை. பிறகு சிலிண்டர்களுக்கு வந்தார். பிஸ்டனை மேலே நிறுத்தி, 80 அழுத்தத்தில் காற்றை உள்ளே விட்டு, எவ்வளவு நிற்கிறது என்று அளப்பது. 74, 76, அடுத்து 62, கடைசி 75.

மூன்றாவது சிலிண்டர். காற்று எங்கே ஒழுகுகிறது என்பதைக் காதால் கண்டுபிடிக்கிறார்கள். எண்ணெய் ஊற்றும் வாயில் உஸ்ஸென்றால் பிஸ்டன் வளையம். கார்புரேட்டர் பக்கம் கேட்டால் உள்வால்வு. புகைபோக்கியில் கேட்டால் வெளிவால்வு. என்னையும் குனியச் சொன்னார். புகைபோக்கியில் காது வைத்தேன். யாரோ தூரத்தில் டயருக்குக் காற்றைத் திறந்துவிட்ட மாதிரி மெல்லிய சத்தம்.

பிளக் துளை வழியே கேமரா விட்டுப் பார்த்தார். வால்வின் முகத்தில் நிறம் வட்டமாக, சீராக இருந்தது. ஒரு ஓரம் மட்டும் பிறை போல வெளுத்திருந்தால் வால்வு எரிகிறது என்று பொருள். அது இல்லை. வால்வு உட்காருமிடத்தில் அழுக்கோ துருவோ சிக்கியிருக்க வேண்டும்.

"இது ஓடித் தேய்ஞ்சதில்ல தம்பி, நின்னு கெட்டது. பத்து மணி நேரம் பறந்துட்டு வாங்க. மறுபடி அளப்போம். அப்பவும் இப்படியே இருந்தா சிலிண்டரைக் கழட்டலாம்" என்றார்.

நான் எதிர்பார்த்த கடைசி மருந்து அது. இருக்கைத் தண்டவாளத்தின் துளைகளையும் ஊசிகளையும் அளந்து பார்த்தார். தேய்ந்திருந்தால் மேலெழும்பும்போது இருக்கை பின்னால் சறுக்கும், பிடிக்க ஏதுமில்லாத கை ஸ்டியரிங்கையே இழுக்கும், மூக்கு வானத்தைப் பார்க்கும். அப்படி ஆட்கள் செத்திருக்கிறார்கள். எங்களுடையது தேறியது.

பிப்ரவரி 11, ஞாயிறு

பங்காளி "வித்துடலாமா" என்றார்.

கணக்கு போட்டுக் காட்டினேன். ஹேங்கர் வாடகை, காப்பீடு, வருடாந்தரச் சோதனை: இந்த மூன்றும் நாம் பறந்தாலும் வரும், தூங்கினாலும் வரும். போன வருடம் இருவரும் சேர்ந்து 31 மணி நேரம். அதையே 90 ஆக்கினால் மணிக்கு விழும் நிலைச்செலவு ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகிவிடும். எரிபொருள் மட்டும்தான் பறக்கப் பறக்கக் கூடும், மணிக்குச் சுமார் 23 லிட்டர்.

கணக்கைக் கேட்டுக்கொண்டே காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். பிறகுதான் வந்தது. நவம்பரில் ஒரு பக்கக்காற்று நாளில் தரை தொட்டபோது காற்று ஒரு இறக்கையைத் தூக்கிவிட்டதாம். ஓடுபாதையின் ஓர விளக்குகளுக்கு நேராகப் போய்க் கடைசி நொடியில் திரும்பியதாம். யாரிடமும் சொல்லவில்லை.

"அதுக்கப்புறம் கதவைத் திறக்கவே பிடிக்கல."

அப்போது ஜனவரி 20 கதையைச் சொன்னேன். மூன்று முறை ஊசி இறங்கும்வரை புரியாமல் திராட்டிலைத் தள்ளியதை ஒன்றுவிடாமல். "மூணு தடவையா?" என்று கேட்டார். முகத்தில் எவ்வளவு சந்தோஷம்!

விற்கும் பேச்சு அப்படியே நின்றது. முடிவு என்று ஒன்றும் எடுக்கவில்லை.

பிப்ரவரி 24, சனி

பத்து மணி நேரத்தில் ஆறு முடிந்தது. இன்று மாமாவை ஏற்றிக்கொண்டு போனேன்.

சின்ன விமானத்தில் வெட்கமில்லாமல் கேட்க வேண்டிய கேள்வி, எடை. மாமா 80 என்றார். அந்தக் கணக்குப்படி: வெற்று விமானம் 525 கிலோ, நான் 78, மாமா 80, தொட்டி நிறைய எரிபொருள் 67. மொத்தம் 750. அனுமதி 757. ஆனாலும் அவர் படியில் கால் வைத்ததும் விமானம் சாய்ந்த விதம் சந்தேகமாக இருந்தது. சரக்குத் தராசில் நிற்கச் சொன்னேன். 91! கல்யாண நாள் எடையைச் சொல்லியிருக்கிறார். தொட்டியை நிரப்பியிருந்தால் 761 ஆகியிருக்கும். 60 லிட்டரோடு நிறுத்தினேன். 737. ஐம்பது நிமிடச் சுற்றுக்கு அது தாராளம்.

எடை மட்டும் போதாது. இந்த ஓடுபாதை 2,000 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்குக் கணக்குப்படி வெப்பம் 11 டிகிரி இருக்க வேண்டும், இன்று 33. மிஞ்சும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி என்று கூட்டினால், விமானம் தன்னை ஏறத்தாழ 4,600 அடியில் இருப்பதாகத்தான் நினைக்கும். இறக்கைக்கும் புரொப்பெல்லருக்கும் எஞ்சினுக்கும் ஒரே நேரத்தில் காற்று மெலிகிறது. ஓடுபாதையில் ஓட்டம் நீண்டது, மேலேறும் வேகம் நிமிடத்துக்கு 400 அடியோடு நின்றது. மாமா ரசித்தார். மரங்களைப் பக்கத்தில் பார்க்க நன்றாக இருந்ததாம்.

மார்ச் 9, சனி

மூன்றாவது சிலிண்டர்: 71.

மெக்கானிக் தலையை மட்டும் ஆட்டினார். நான் பங்காளிக்கு எண்ணை மட்டும் அனுப்பினேன், வேறொன்றும் எழுதாமல்.

மார்ச் 16, சனி

பங்காளி வந்தார், வலது இருக்கையில், வெறும் பயணியாக. 90 நாளாகத் தரையிறங்கிப் பழகாதவர் பயணியை ஏற்றக் கூடாது என்பது பல நாடுகளில் விதி. அவர் பயணியாக வருவதற்குத் தடையில்லை.

பக்கக்காற்று 9 நாட், அதாவது மணிக்குச் சுமார் 17 கிலோமீட்டர். கைப்புத்தகத்தில் இந்த விமானத்துக்கு 12 வரை செய்து காட்டியிருக்கிறார்கள். முதல் இரண்டு இறக்கம் நன்றாக வந்தது, எனக்கே பெருமை. மூன்றாவதில் கொஞ்சம் வேகம் கூடுதல். சக்கரம் தொட்டு, பந்து மாதிரி எழும்பியது. மூக்கு மேலே, வேகம் கரைகிறது, காற்று இடப்பக்கம் தள்ளுகிறது. அமுக்கி உட்காரவைக்கலாம் என்று கை துடிக்கும். அப்படிச் செய்தால்தான் மூக்குச் சக்கரம் முறியும். முழுத் திராட்டில், கார்ப் ஹீட் மூடு, இறக்கையின் பின்மடலான ஃபிளாப்பை 30 டிகிரியிலிருந்து 20-க்கு, 55 நாட் வரும்வரை பொறு. ஏறினோம்.

வலப்பக்கம் அமைதி. திரும்பிப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு நவம்பர்ல நடந்தது இவ்வளவு மோசமில்லப்பா."

நாலாவது இறக்கம் சுமாராக இருந்தது. ஹேங்கரில் மூடியைக் கட்டும்போது பயிற்சியாளரின் நம்பரைக் கேட்டார்.

மார்ச் 31, ஞாயிறு

காலையில் தனியாகக் கிளம்பலாம் என்று போனேன். பீட்டோ உறை ஒழுங்காக மாட்டியிருந்தது. குவளையில் முதல் தடவையே சுத்த நீலம். பதிவேட்டில் நேற்றைய தேதியில் பயிற்சியாளரோடு 1.2 மணி, ஏழு இறக்கம். கையெழுத்து பங்காளியுடையது.

கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். கால் பெடலை எட்டவில்லை. இருக்கை கடைசித் துளையில் இருந்தது. முணுமுணுத்துக்கொண்டே முன்னால் இழுத்து, ஊசி விழுந்ததா என்று இரண்டு முறை ஆட்டிப் பார்த்தேன். தொட்டியை மட்டும் பாதி காலியாகவே விட்டுப்போயிருக்கிறார்.