கவுன்சலிங் போன இடத்தில் பல்ஸ் பார்த்தார்கள்

எங்கள் வீட்டுச் சண்டையில் பாத்திரமெல்லாம் பறக்காது. நான் பேசுவேன், அவர் பேசமாட்டார், நான் இன்னும் சத்தமாகப் பேசுவேன், அவர் ரிமோட்டைத் தேடுவார், அப்புறம் நாலு நாளைக்கு "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று பத்தாவது படிக்கிற பெண்தான் நடுவில் தூது. அவளுக்குக் காலையில் வயிற்றுவலி வந்து பள்ளிக்கு லீவு போடுவது அதிகமாகி, ஸ்கேனிலும் ஒன்றுமில்லை என்றான பிறகு, கோயம்புத்தூரிலேயே ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடம் மூன்று பேருமாகப் போனோம். அத்தையிடம் வயிற்று டாக்டர் என்று சொல்லியிருந்தோம், இன்றுவரை அப்படித்தான்.

போகும் முன் நான் பார்த்தது ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்பதை மட்டும்தான். கவுன்சலிங் என்று போர்டு மாட்டியவர்களில் எல்லா வகையும் உண்டு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் அந்தப் பதிவு இருக்கவேண்டும், பெயரைப் போட்டு ஆன்லைனில் தேடிப் பார்க்கலாம். மாத்திரை இவர்கள் எழுதமாட்டார்கள், அது சைக்கியாட்ரிஸ்ட் வேலை.

முதல் நாள் யார்மேல் தப்பு என்ற பேச்சே இல்லை. எத்தனை மணிக்குத் தூக்கம், எத்தனை காபி, கோபம் வந்தால் உடம்பில் முதலில் எங்கே தெரியும், தாடையா, நெஞ்சா, வயிறா என்று கேள்விமேல் கேள்வி. "என்ன மேடம், மாஸ்டர் செக்கப்பா?" என்று அவரே கேட்டுவிட்டார். பிறகு அந்த மேடம் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துக்கொண்டு வரச் சொன்னார், தைராய்டு ஏறி இறங்கினாலே எரிச்சலும் படபடப்பும் வருமாம். பெண்ணுக்கு ஹீமோகுளோபின் குறைவு, டாக்டரிடம் காட்டி இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பித்தோம்.

எனக்கு மறக்காதது அடுத்த தடவை நடந்தது. கொரோனா காலத்தில் எல்லோரும் வாங்கினோமே, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், அதை ஆளுக்கொன்று மாட்டிவிட்டு, வீட்டில் தீராத ஒரு விஷயத்தைப் பேசுங்கள் என்றார். என்னிடம் சொல்லாமல் என் வீட்டுக்காரர் தம்பிக்குப் பணம் கொடுத்த கதையை எடுத்தேன். அவர் வழக்கம்போல ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், முகத்தில் ஒன்றுமே இல்லை. கத்திக்கொண்டிருந்த எனக்குப் பல்ஸ் 94. சும்மா உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு 116. "இவர் கேட்காம உட்கார்ந்திருக்கலை, உடம்பு ஓடத் தயாரா நிக்குது" என்றார் தெரபிஸ்ட்.

அமெரிக்காவில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர் தம்பதிகளைச் சண்டை போடவிட்டு இதயத்துடிப்பை அளந்து பார்த்தவர். துடிப்பு 100-ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது காதில் சரியாக ஏறாது, வாயை மூடிக்கொள்பவருக்கும் உள்ளே அடித்துக்கொண்டுதான் இருக்கும், அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது ஆகும் என்பது அவர் சொன்னது. அதிலிருந்துதான் எங்களுக்கு விதி: யார் வேண்டுமானாலும் பிரேக் கேட்கலாம், ஆனால் கேட்டவர்தான் எத்தனை மணிக்குத் திரும்பிப் பேசுவேன் என்றும் சொல்லவேண்டும். அந்த இரண்டாவது பாதி இல்லாவிட்டால் அது பிரேக் இல்லை, நழுவல். இடையில் அடுத்து என்ன பதிலடி கொடுக்கலாம் என்று மனதுக்குள் ஓட்டிப்பார்ப்பதும் கூடாது. அவர் மொட்டைமாடிக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் விடுவார். எனக்கோ அந்த அரைமணி நேரம் தண்டனை, பாதியில் நிறுத்திய பேச்சு தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கும், முதல் சில வாரம் மாடிப்படி வரைக்கும் பின்னாலேயே போய்ப் பேசியிருக்கிறேன்.

மூச்சுப் பயிற்சி அவருக்குப் பிடித்தது. 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடவேண்டும், விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக இதயம் கொஞ்சம் மெதுவாகும். தோள், தாடை, கை என்று ஒவ்வொரு தசையாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சியில் குறட்டையே விட்டார். எனக்குக் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் பதற்றம் கூடியது. சிலருக்கு அப்படித்தான் ஆகும், கண்ணைத் திறங்க, பாதத்தைத் தரையில் அழுத்துங்க, அறையில் இருக்கும் பொருளையெல்லாம் பெயர் சொல்லுங்க என்று மாற்றிவிட்டார். இந்தக் கவலை இடுப்பில் தங்கும், அந்த வருத்தம் தோளில் தங்கும் என்று படம் போட்டுக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள், இவர் அப்படி ஆரம்பித்திருந்தால் அடுத்த வாரம் போயிருக்கமாட்டேன்.

உடம்பு அடங்கிவிட்டால் பணப் பிரச்சினை தீர்ந்துவிடாது. அதைத் தனியாகப் பேசி, 5000 ரூபாய்க்குமேல் யாருக்குக் கொடுத்தாலும் முதலில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தோம். அதற்கே மாதங்கள் ஆயின.

பெண்ணைத் தனியாகத்தான் பார்த்தார். அவள் சொல்வதை எங்களிடம் சொல்லமாட்டேன், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வாள் என்ற பயமோ, வேறு யாராவது அவளைத் துன்புறுத்துகிறார்கள் என்ற சந்தேகமோ வந்தால் மட்டும் சொல்வேன், அது பாலியல் துன்புறுத்தல் என்றால் போக்ஸோ சட்டப்படி புகாரும் கொடுத்தாக வேண்டியிருக்கும் என்று மூன்று பேரையும் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். "நாமதானே ஃபீஸ் கட்டறோம்" என்று இவர் காரில் முணுமுணுத்தார். வயிற்றுவலி வந்த நாளையெல்லாம் காலண்டரில் குறிக்கச் சொன்னார் தெரபிஸ்ட். எங்கள் சண்டையால்தான் இருக்கும் என்று பயந்துகொண்டிருந்தேன், குறித்துப் பார்த்தால் முக்கால்வாசி திங்கட்கிழமை, டியூஷனில் வாராந்திர டெஸ்ட். டியூஷனை மாற்றினோம். எங்களிடம் சொல்லலாம் என்று அவளே அனுமதி கொடுத்த ஒரே விஷயம், இனிமேல் தூது போகமாட்டாள் என்பது.

ஒரு மணி நேரத்துக்கு 1500 ரூபாய், இன்ஷூரன்ஸில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கட்ட முடியாதவர்கள் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், அதில் கூப்பிட்டுத் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம், எந்த நேரமும். வீட்டில் அடி உதை இருந்தால் ஜோடியாக உட்கார்ந்து மூச்சுவிடுவதெல்லாம் வேண்டாம், பெண்களுக்கு 181 இருக்கிறது. எங்களையும் ஆரம்பத்தில் தனித்தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் கை நீட்டுவது உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் சேர்த்து உட்காரவைத்தார்.