ஹாரோ, 1952

லண்டன் அருகே ஹாரோவில் நடந்த ரயில் விபத்தின் பழைய கறுப்பு வெள்ளைச் செய்திப்படம் பார்த்தேன். 1952 அக்டோபர் 8, காலை 8.19. நிலையத்தில் நின்ற உள்ளூர் ரயிலின் பின்னால், சிவப்பு சிக்னலைத் தாண்டி வந்த பெர்த் எக்ஸ்பிரஸ் மோதியது. சில நொடிகளில் எதிர்த்திசை எக்ஸ்பிரஸ் ஒன்றும் அந்த இடிபாட்டில் பாய்ந்தது. 112 பேர் இறந்தார்கள்.

என் மனதை விட்டு அகலாதவர் ஆபி ஸ்வீட்வைன். அமெரிக்க விமானப்படையின் கறுப்பினச் செவிலியர். வலி குறைக்கும் மார்ஃபின் ஊசி போட்டவருக்கே மறுபடியும் போட்டுவிடக் கூடாதே என்று, லிப்ஸ்டிக்கால் நெற்றியில் 'எக்ஸ்' குறி போட்டார். அந்தக் களேபரத்தில் அது தோன்றியதே, என்ன மனுஷி! இந்த விபத்துக்கு அப்புறம்தான், சிக்னல் பற்றி ஓட்டுநரை எச்சரிக்கும் தானியங்கிக் கருவியைப் பொருத்தும் வேலை பிரிட்டனில் வேகம் பிடித்தது.