எச்.எம்.வி.யின் தாய் நிறுவனம் கூறுபட்ட கதை

பழைய தமிழ்த் திரைப்பாடல் இசைத்தட்டுகளைச் சேகரிப்பவர்களுக்கு எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன் ஆகிய மூன்றும் முதலில் வெவ்வேறு கம்பெனிகளாகவே தோன்றும். தட்டின் நடுவில் ஒட்டப்பட்டிருக்கும் வட்டக் காகிதத்தின் நிறமும் முத்திரையும் மாறினாலும், பொடி எழுத்தைப் படித்துப் பார்த்தால் கல்கத்தாவை அடுத்த டம்டம் என்ற ஊர்ப்பெயர் மறுபடி மறுபடி கண்ணில் படும். அந்த முத்திரைகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்ததற்குக் காரணம் 1931இல் லண்டனில் நடந்த ஓர் இணைப்பு. அதில் பிறந்த இஎம்ஐ நிறுவனம் எண்பது ஆண்டுகள் உலக இசைத்தொழிலின் தூண்களுள் ஒன்றாக நின்று, பின்னர் மூன்று போட்டியாளர்களின் கைகளுக்குப் பங்கு போடப்பட்டது. ரசிகர்கள் பாட்டை விலைகொடுத்து வாங்குவதை நிறுத்திவிட்டதால்தான் அது வீழ்ந்தது என்று பலரும் எழுதிவிட்டார்கள். விற்பனை சரிந்தது உண்மைதான். ஆனால் அதே சரிவைச் சந்தித்த மற்ற பெரிய நிறுவனங்கள் இன்றும் இருக்கின்றன என்பதால், இஎம்ஐயைச் சாய்த்தது அதன் தலையில் ஏற்றப்பட்ட கடன்தான் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

தொடக்கம் 1898. இசைத்தட்டைக் கண்டுபிடித்த எமில் பெர்லினரின் தொழில்நுட்பத்தை வைத்து லண்டனில் கிராமபோன் கம்பெனி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே, குழாய்க்கு முன் காதைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் நாயின் ‘ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்’ (எச்.எம்.வி.) என்ற ஓவியத்தை ஓவியர் பிரான்சிஸ் பராடிடமிருந்து வாங்கினார்கள். அவர் முதலில் வரைந்திருந்தது வேறு கம்பெனியின் உருளைக் கருவி. அதன்மேல் கிராமபோனைத் தீட்டித் தந்த பிறகே விற்பனை முடிந்தது. 1902இல் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் தட்டு அச்சிடும் ஆலை வந்துவிட்டது.

போட்டியாளரான கொலம்பியா கிராபபோன் கம்பெனி 1920களில் ஜெர்மனியின் லிண்ட்ஸ்ட்ரோம் நிறுவனத்தை வாங்கியது. ஓடியன், பார்லபோன் முத்திரைகள் அதன் வழியாக வந்தவை. உலகப் பொருளாதார மந்தத்தில் தட்டு விற்பனை படுத்துப்போனதும், அதுவரை முட்டிமோதிக்கொண்டிருந்த கொலம்பியாவும் கிராமபோன் கம்பெனியும் 1931 மார்ச்சில் ஒன்றாகி இஎம்ஐ ஆயின. நெருக்கடியில் நடந்த இணைப்பு என்றாலும் அதன் முதல் ஆண்டே வளமாக அமைந்தது. நவம்பரில் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தை இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் இசை நடத்தித் திறந்து வைத்தார். டிசம்பரில் இஎம்ஐயில் பணியாற்றிய பொறியாளர் ஆலன் பிளம்லைன் ஸ்டீரியோ ஒலிக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இசையைப் பதிவு செய்வதும் அதற்கான கருவியை ஆராய்வதும் ஒரே கூரையின்கீழ் நடந்ததுதான் இந்த நிறுவனத்தின் தனிப்பெருமை.

1955இல் அமெரிக்காவின் கேபிடல் ரெக்கார்ட்ஸை ஏறத்தாழ 85 லட்சம் டாலருக்கு இஎம்ஐ வாங்கியது. 1962இல், டெக்கா நிறுவனம் வேண்டாமென்று தள்ளிய பீட்டில்ஸ் குழுவை, பார்லபோனின் ஜார்ஜ் மார்ட்டின் சேர்த்துக்கொண்டார். அதன்பின் வந்த பணத்தைச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பணத்தில்தான் சி.டி. ஸ்கேன் பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. இஎம்ஐ ஆய்வகத்தில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் அதை உருவாக்கியதும், 1979இல் நோபல் பரிசு பெற்றதும் உண்மை. ஆனால் பிரிட்டிஷ் அரசின் சுகாதாரத் துறையும் அதற்குப் பணம் கொடுத்தது என்பதால் அந்தக் கதையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. வருந்தத்தக்கது என்னவென்றால், ஸ்கேன் தொழிலில் மற்றவர்கள் முந்திக்கொள்ள, இஎம்ஐ நட்டத்தில் மாட்டிக்கொண்டது. நோபல் பரிசு கிடைத்த அதே ஆண்டின் இறுதியில், மின்சாதனங்கள் செய்யும் தார்ன் நிறுவனத்துக்குத் தன்னை விற்க அது ஒப்புக்கொண்டது.

இந்தியக் கிளை இந்த இடத்தில்தான் பிரிகிறது. 1980களின் நடுவில் ஆர்.பி.ஜி. குழுமம் கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியாவை எடுத்துக்கொண்டது; 2000இல் அதற்கு சரிகம என்று பெயர் மாறியது. கேசட் காலத்தில் டி-சீரிஸ் போன்றவர்களிடம் சந்தையை இழந்திருந்த கம்பெனியை வெள்ளைக்காரர்கள் கைகழுவியது அன்று பலருக்கு இழப்பாகத் தெரிந்திருக்கும். பின்னால் லண்டனில் நடந்ததைப் பார்க்கும்போது, நம் பழைய பாடல்களின் ஒலிப்பதிவுகள் அந்தச் சுழலில் சிக்காமல் முன்னதாகவே கரையேறியதை நான் பெரிய நல்லூழாகவே நினைக்கிறேன்.

தார்ன் இஎம்ஐ 1992இல் ரிச்சர்ட் பிரான்சனிடமிருந்து வெர்ஜின் ரெக்கார்ட்ஸை வாங்கியது. 1996இல் தார்னின் வாடகைத் தொழிலும் இசைத்தொழிலும் தனித்தனியே பிரிந்தன. 2000இல் இன்னொரு பெரிய இசை நிறுவனமான வார்னருடன் இணைய எடுத்த முயற்சி ஐரோப்பியப் போட்டி ஆணையத்தின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. பிறகும் இருவரும் ஒருவரையொருவர் வாங்கப் பார்த்தார்கள், முடியவில்லை.

அடுத்து வந்தது 2007. கை ஹேண்ட்ஸ் என்பவரின் டெர்ரா ஃபர்மா என்ற முதலீட்டு நிறுவனம், கடனையும் சேர்த்து 420 கோடி பவுண்டு மதிப்பில் இஎம்ஐயை வாங்கியது. இதில் சுமார் 260 கோடி பவுண்டு அமெரிக்க வங்கியான சிட்டி குழுமம் கொடுத்த கடன். இப்படிப்பட்ட பேரத்தில் கடனைத் தீர்க்கும் பொறுப்பு, வாங்கியவர் தலையில் அல்லாமல், வாங்கப்பட்ட நிறுவனத்தின் வருமானத்தின்மேல் விழும் என்பதைக் கவனிக்க வேண்டும். அதாவது, குறுந்தகடு விற்பனை ஆண்டுக்காண்டு சரிந்துகொண்டிருந்த நேரத்தில், வட்டியை மட்டும் தவறாமல் கட்டியாக வேண்டிய நிலை. அதே ஆண்டில் உலக நிதிநெருக்கடியும் தொடங்கியதால், சிட்டி அந்தக் கடனைப் பிற முதலீட்டாளர்களுக்குப் பிரித்து விற்கவும் வழியில்லாமல் போயிற்று. 2008 ஜனவரியில் 2,000 பேர்வரை வேலையிழப்பார்கள் என்று அறிவிப்பு வந்தது. ரேடியோஹெட் இசைக்குழு விலகிப் போனது, ரோலிங் ஸ்டோன்ஸ் குழு போட்டி நிறுவனமான யுனிவர்சலுக்குப் போனது. தன் தொகுப்புகளிலிருந்து பாடல்களைத் தனித்தனியே இணையத்தில் விற்கக் கூடாது என்று பிங்க் ஃப்ளாய்ட் குழு வழக்குப் போட்டு 2010இல் வென்றது.

இசைத்தொழிலை அறியாத ஒருவர் செலவைக் குறைக்க வந்ததை நான் குறை சொல்லவில்லை; ஊதாரித்தனம் அங்கே இருந்திருக்கலாம். ஆனால் இசைக் கம்பெனியின் உண்மையான சொத்து ஒலிநாடாவோடு முடிவதில்லை, அடுத்த நாடாவை அங்கேதான் பதிய வேண்டும் என்று கலைஞர் வைக்கும் நம்பிக்கையும் அதில் சேர்த்தி. அது போய்விட்டால் எந்தக் கணக்குத் தணிக்கையாளராலும் அதைத் திரும்ப எழுதிக்கொள்ள முடியாது. 2010 பிப்ரவரியில் அபே ரோடு கூடமே விற்பனைக்கு வரப்போகிறது என்ற செய்தி கிளம்பியபோது, அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்க வேண்டியிருந்தது.

சிட்டி தன்னை ஏமாற்றிக் கூடுதல் விலை கொடுக்க வைத்ததாக ஹேண்ட்ஸ் நியூயார்க்கில் தொடுத்த வழக்கை நடுவர் குழு ஏற்கவில்லை. 2011 பிப்ரவரியில் சிட்டி இஎம்ஐயைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு, 340 கோடி பவுண்டாக இருந்த கடனை 120 கோடியாகக் குறைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் நிறுவனத்தை இரண்டாகப் பிளந்து விற்றார்கள். ஒலிப்பதிவுகள் 120 கோடி பவுண்டுக்கு யுனிவர்சலுக்கும், பாட்டெழுதியவர், மெட்டமைத்தவர் சார்பான பதிப்புரிமைகள் 220 கோடி டாலருக்கு சோனி தலைமையிலான குழுவுக்கும் போயின. ஒரே பாடலின் குரல் ஒரு வீட்டிலும் வரியும் மெட்டும் இன்னொரு வீட்டிலும் இருக்கும் நிலை இசைத்தொழிலில் புதிதல்ல என்றாலும், இரண்டையும் ஒன்றாக வைத்திருந்த இவ்வளவு பெரிய வீடு ஒரே நாளில் பிரிந்தது அபூர்வம்.

யுனிவர்சல் மிகப் பெரிதாகிவிடும் என்று அஞ்சிய ஐரோப்பிய ஆணையம், 2012இல் அனுமதி கொடுக்கும்போது பார்லபோன் உள்ளிட்ட ஒரு பகுதியை விற்றுவிட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. பார்லபோனை 2013இல் 48.7 கோடி பவுண்டுக்கு வார்னர் வாங்கியது. பிங்க் ஃப்ளாய்டும் கோல்ட்ப்ளேயும் அதனுடன் சென்றன. பார்லபோன் என்றதும் நினைவுக்கு வரும் பீட்டில்ஸை மட்டும் யுனிவர்சல் விடவில்லை. 2018இல், பதிப்புரிமைப் பகுதியில் மற்றவர்களிடம் இருந்த 60 விழுக்காட்டையும் சுமார் 230 கோடி டாலருக்கு வாங்க சோனி ஒப்பந்தம் செய்தது. 2020இல் யுனிவர்சல் பிரிட்டனில் வெர்ஜின் இஎம்ஐ என்று நடத்தி வந்த பிரிவுக்கு இஎம்ஐ ரெக்கார்ட்ஸ் என்று பெயரிட்டது. சிலர் அதைக் கொண்டாடினார்கள். ஆய்வகமும் ஆலையும் பதிப்புரிமையும் பார்லபோனும் போன பிறகு மிஞ்சிய முத்திரை அது. அதை பழைய இஎம்ஐயின் மறுபிறப்பு என்று ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.