ஆறு வாரத்துக்கு வந்தவள்

ஜெர்மனியைப் பார்க்க வேண்டும் என்று பள்ளிப் பரிமாற்றத்தில் பறந்து வந்தாள் ஒரு தாய்லாந்து மாணவி. வந்து மாட்டிக்கொண்டது எங்கள் தமிழ் வீட்டில்.

2023 ஆகஸ்டில் என் மகள் பத்து மாதப் பள்ளிப் பரிமாற்றத்தில் அமெரிக்காவின் மினசோட்டாவுக்குக் கிளம்பினாள். ஜெர்மனியில் மார்பூர்க் நகரத்துப் பக்கத்தில் எங்கள் வீட்டில் அவள் அறை காலி. அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் நான் மூக்கை உறிஞ்சுவது என் கணவருக்கு அலுத்துவிட்டது. "அங்க யாரோ நம்ம பிள்ளைக்குச் சோறு போடுறாங்க. நாமளும் ஒரு பிள்ளையைக் கூட்டிட்டு வரலாமே" என்றார்.

ஆண்டு முழுவதற்கும் பொறுப்பேற்க எனக்குப் பயம். அதற்கும் பரிமாற்றம் நடத்தும் அமைப்புகள் ஒரு வழி வைத்திருக்கின்றன: வில்கொம்மன்ஸ்ஃபமீலியே, வரவேற்புக் குடும்பம். நிரந்தரமாக ஒரு வீடு அமையும் வரை முதல் சில வாரங்கள் மட்டும் பிள்ளையை வைத்துக்கொள்பவர்கள். நாங்கள் ஆறு வாரத்துக்குக் கையெழுத்துப் போட்டோம். இதற்கெல்லாம் யாரும் பணம் தருவதில்லை. கட்டில், சாப்பாடு, பொறுமை எல்லாம் நம்முடையது.

அமைப்பின் சார்பில் வீட்டைப் பார்க்க வந்த தன்னார்வலருக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். அவரே பள்ளிப் பருவத்தில் பராகுவேயில் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தவர். அறையைப் பார்த்தார், காவல்துறைச் சான்றிதழ் கேட்டார், ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்று விசாரித்தார். துணி மடிப்பேன் என்று சொல்லாமல் "காட்டில் நடப்போம்" என்று புளுகினேன். கடைசியில் மனசு கேட்காமல், "நாங்க ஜெர்மன்காரங்க இல்லையே, பரவாயில்லையா?" என்றேன். அவர் ஒரு கதை சொன்னார். 1951-இல் 75 ஜெர்மன் பிள்ளைகளை அமெரிக்காவின் மிச்சிகனில் உள்ள குடும்பங்கள் வீட்டில் வைத்துக்கொண்டன. போர் முடிந்து ஆறே வருடம். எதிரி நாட்டுப் பிள்ளைக்கே கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், உங்களுக்கு என்ன தயக்கம் என்றார். பையன் கெட்டிக்காரன்.

ரயில் நிலையத்தில் இறங்கியவள் எங்களைப் பார்த்ததும் கைகூப்பினாள். நாங்களும் யோசிக்காமல் கைகூப்பினோம். கை கொடுப்பது எப்படி என்று இரண்டு வாரம் ஒத்திகை பார்த்துவிட்டு வந்ததாகப் பிறகு சொன்னாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான்.

அந்த ஏமாற்றம் என்னைக் குத்தியது. ஜெர்மனியைப் பார்க்க வந்த பிள்ளைக்கு ஜெர்மனியைக் காட்டியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். மாலையானால் ஆபென்ட்ப்ரோட், அதாவது ஜெர்மானியர்களின் ரொட்டி இரவு உணவு. கறுப்பு ரொட்டி, பாலாடைக்கட்டி, வட்டமாக நறுக்கிய வெள்ளரிக்காய், ஊறுகாய் என்று சொல்லவே தகுதியில்லாத ஒரு ஊறுகாய். அடுப்பு பற்ற வைப்பதே இல்லை. பதினான்கு வருடமாக இந்த ஊரில் இருந்தும் எங்கள் வீட்டில் இரவு ரொட்டி தின்றதில்லை. என் கணவர் மூன்றாம் நாளே தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அவள் ஒவ்வொரு துண்டுக்கும் "டங்க்கெ" என்று நன்றி சொல்லிச் சாப்பிட்டாள்.

ஒன்பதாம் நாள் இரவு பதினொரு மணி. அடுப்படியில் விளக்கைப் போடாமல், நின்றபடி கிண்ணத்தில் தயிர்சோறு பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், திருடி மாதிரி. பின்னால் காலடிச் சத்தம். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பேசாமல் அலமாரியைத் திறந்து ஒரு தட்டை எடுத்து நீட்டினாள்.

அவளும் ஒன்பது நாளாகச் சோற்றுக்கு ஏங்கியிருக்கிறாள். நான் ரொட்டிப் பிரியை, எனக்கு மனசு நோகக் கூடாது என்று வாய் திறக்கவில்லையாம். அவர்கள் ஊரிலும் ஆளைப் பார்த்ததும் "சோறு சாப்பிட்டாச்சா" என்றுதான் கேட்பார்களாம். (அவளுடைய தாய்மொழி தாய் மொழி. இதை விளக்க என் கணவர் அரை மணி நேரம் செலவழித்தார். அவள் சிரிக்கவில்லை.)

அதன் பிறகு ரொட்டி வாரத்தில் இரண்டு நாளாகக் குறைந்தது. ஆனால் ஜெர்மனி வேறு வழிகளில் உள்ளே வந்துகொண்டேதான் இருந்தது. குப்பையை நான்காகப் பிரிப்பது, பனியிலும் ஜன்னலை அகலத் திறந்து வைத்துக் காற்று மாற்றுவது, வருடத்துக்கு 365 யூரோ மாணவர் பயணச்சீட்டை வைத்துக்கொண்டு தனியாகப் பேருந்தில் சுற்றுவது எல்லாம் ஒரு மாதத்தில் படிந்துவிட்டது. மினசோட்டாவில் என் மகளை எங்கே போனாலும் காரில்தான் கொண்டுபோய் விட்டார்கள். அவளுக்கு இதைக் கேட்டுப் பொறாமை.

பெரிய சோதனை, வகுப்புத் தோழி வீட்டு விருந்து. ஜெர்மனியில் பதினாறு வயதில் பியரும் வைனும் சட்டப்படி குடிக்கலாம். தாய்லாந்தில் இருபது ஆக வேண்டும். அமெரிக்காவில் இருபத்தொன்று. என் வீட்டில் எத்தனை என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. அவள் அம்மா வீடியோவில் கவலைப்பட்டார், நான் இந்தப் பக்கம் அதைவிடக் கவலைப்பட்டேன். மொழி புரியாமலே இரண்டு அம்மாக்களும் ஒரே கட்சி. பத்தரைக்கு என் கணவர் போய் வாசலில் நின்றார். அவள் ஆப்பிள் சாறு குடித்திருந்தாள். அழைக்க ஆள் வந்ததற்காக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆறாம் வாரம் நிரந்தரக் குடும்பம் கிடைத்துவிட்டதாகத் தகவல் வந்தது. முப்பது கிலோமீட்டர் தள்ளி, நாய், தோட்டம், சொந்தமாகக் காய்ச்சும் பழக்கூழ், அசல் ஜெர்மன் தாத்தா பாட்டி. நான் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, முகத்தை நேராக வைத்துக்கொண்டு, "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்" என்றேன். அவள் ஒரு இரவு யோசித்தாள். காலையில் சொன்னாள்: அங்கே போனால் பள்ளி மாற வேண்டும், சேர்ந்திசைக் குழுவை விட வேண்டும், தோழிகளை விட முடியாது. எங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கதவு வரை போய்த் திரும்பி, "சாப்பாடும் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

வசந்தம் வருவதற்குள் என் ஜெர்மனைத் திருத்த ஆரம்பித்துவிட்டாள். ஜெர்மனில் பொருள்களுக்கும் பால் உண்டு. கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை என்று சாப்பாட்டு மேசையில் பாடம். தயிருக்கு 'தெர்' (ஆண்) என்றாள் அவள், 'தஸ்' (இரண்டும் இல்லை) என்றேன் நான். டூடன் அகராதியைப் புரட்டினால் இரண்டும் சரி. என் பதினான்கு வருடத்தில் நான் தோற்காத ஒரே இலக்கணச் சண்டை அது.

2024 ஜூலையில் ஊர் திரும்பினாள். போன மாதம் பழைய படங்களைத் தேடும்போது, போன கையோடு தன் பள்ளியில் ஜெர்மனியைப் பற்றிப் பேசிய படத்தொகுப்பை அவள் அப்போதே அனுப்பியிருந்தது கண்ணில் பட்டது. முதலில் மார்பூர்க் மலைக்கோட்டை. அப்புறம் மஞ்சள் குப்பைப் பை. அப்புறம் திறந்த ஜன்னல், வெளியே பனி. நான்காவதாக எங்கள் வீட்டுக் கிண்ணம், தயிர்சோறு, ஓரத்தில் ஒரு மாவடு. கீழே ஜெர்மனில் பெரிய எழுத்தில்: 'ஜெர்மானியர்களின் இரவு உணவு'.

கிண்டலா, நிஜமாகவே அப்படி நம்புகிறாளா என்று நான் இன்னும் கேட்கவில்லை.